ஜார்ஜின் காலை நான் உடைத்த மாலை

மைக் பிடிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் பேசக் கற்றுத்தர நான் வரவில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகவே பேசுகிறீர்கள். ஒரு கார்னர் கிக்குக்கு நீங்கள் கொட்டும் வார்த்தைகளை வைத்து நான் பாதி ஆட்டத்தை ஓட்டியிருப்பேன். போனைத் தூக்கி யூடியூபில் லைவ் போடுகிறீர்கள், துபாயிலிருந்து ஒருவன் இதயம் அனுப்புகிறான். எங்கள் காலத்தில் கேட்பவன் எதிரில் உட்கார்ந்திருப்பான். பிடிக்கவில்லையென்றால் இதயம் வராது, வேர்க்கடலைத் தோல் வரும்.

நான் கீரப்பாளையத்துக்காரன். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கால்பந்தோ கபடியோ, போட்டி என்று ஒன்று நடந்தால் வர்ணனைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டை கெட்டு, டாக்டர் திட்டி, போன வருடம் ஓய்வு பெற்றேன். என் மனைவி இன்னும் நம்பவில்லை. குழம்பில் உப்பு குறைந்ததைக்கூட நான் மைக்கில் சொல்வதுபோலத்தான் சொல்கிறேனாம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆட்டம் நடக்கறப்போ எவன் வேணாலும் பேசுவான்டா. ஆட்டம் நடக்காதப்போ பேசறதுதான் நம்ம வேல. மைக் சும்மா இருந்தா கூட்டம் சும்மா இருக்காது" என்பார். இன்னொன்றும் சொன்னார். மைக்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டு இருக்க வேண்டும், வேறு எதுவும் பேசும்போது அதைச் சுற்றி மூட வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பரிசளிப்பு விழாவில் துண்டைப் போட மறந்து, "இந்த ஆளு இன்னிக்கு முடிக்க மாட்டான் போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மைதானத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியும் அதைச் சொன்னது. பேசிக்கொண்டிருந்தவர் உடனே முடித்தார். கூட்டம் எனக்குக் கைதட்டியது. கமிட்டி தட்டவில்லை.

இந்த இரண்டு பாடமும் எனக்கு ஒரே நாளில் தேவைப்பட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு மைதானம். பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சிதம்பரம், இன்னொரு பக்கம் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன். கடலூர் அணிக்கு மேனேஜர் அவர்கள் பங்குச் சாமியார். எல்லோரும் ஃபாதர் என்போம். பந்து என்றால் ஃபாதருக்கு உயிர். ஞாயிறு பூசையை ஒரு நிமிடம்கூட இழுக்க மாட்டார் என்றும், அதற்குக் காரணம் பக்தி இல்லை, பிராக்டிஸ் என்றும் அவர் பங்கு மக்களே சொல்வார்கள்.

அந்த அணியில் தடுப்பாட்டத்துக்கு ஒரு பெண் இருந்தாள், ஸ்டெல்லா. ப்ளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். கோல்கீப்பர் தூங்கினால் அங்கிருந்தே எழுப்பிவிடுவாள். அவளைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து ஒரு கல்லூரியின் கோச் மேடம் வந்திருந்தார். ஆட்டம் பிடித்திருந்தால் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். பிடிக்கவில்லையென்றால் ஸ்டெல்லா அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போகிறாள். வீட்டில் அவ்வளவுதான் முடியும். மேடம் ஃபாதரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஆட்டத்தைப் பாக்காம நான் சீட்டு தர முடியாது ஃபாதர். சாயங்கால ரயிலையும் விட முடியாது."

ஆட்டத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது ஃபாதர் தன் அணிக்கு உற்சாகம் ஊட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

"விக்டோரியா ராணி காலத்துல இங்கிலாந்துல ஜார்ஜுன்னு ஒருத்தன் இருந்தான். பஞ்சாலைத் தொழிலாளி. பந்து ஆடறதுக்குச் சம்பளம் வாங்குன மொத ஆளுங்கள்ல ஒருத்தன். ரெண்டு சீசன் ஆடுனான், கால் ஒடிஞ்சுது, அதோட முடிஞ்சுது. அதனால கெடைக்கற ஆட்டத்த ஒழுங்கா ஆடுங்க."

பிள்ளைகள் முகம் சுருங்கிப்போனது. உற்சாகமூட்டுவது ஃபாதருக்கு வராத கலை. ஸ்டெல்லா மட்டும், "அப்புறம் அவரு இன்னா பண்ணாரு ஃபாதர்?" என்று கேட்டாள். "அது புத்தகத்துல இல்லம்மா" என்றார்.

நாலு மணிக்கு ஆட்டம். இரண்டு அணியும் மைதானத்தின் நடுவில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. சிறப்பு விருந்தினர் வந்து கை குலுக்கி, பந்தை ஒரு உதை உதைத்தால் தொடங்கிவிடலாம். அவர் வரவில்லை.

கோப்பையைத் தன் காசில் கொடுப்பவர் அந்த விருந்தினர்தான். கமிட்டித் தலைவர் எனக்குத் தூரத்து உறவு, மச்சான் என்றுதான் கூப்பிடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் போன். மேடையில் என் பக்கத்தில் வந்து குனிந்தார். நான் மைக்கைத் துண்டால் மூடினேன்.

"காடாம்புலியூர்ல ஒரு காதுகுத்து மச்சான். கெளம்பிட்டாரு. வடலூர் வந்துட்டாராம். கொஞ்சம் இழு."

"ரெஃப்ரி கிட்ட சொல்லி ஆரம்பிச்சுடலாமே?"

"அவரு கை குடுக்காம ஆரம்பிச்சா அடுத்த வருஷம் கோப்பைக்கு நீ குடுப்பியா? இழு."

இழுத்தேன். இரண்டு அணிப் பெயரையும் சொன்னேன், திருப்பிச் சொன்னேன். நன்கொடையாளர்களைச் சொன்னேன். காணாமல் போகாத குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்தேன். ஒரு சைக்கிள் சாவியை ஏலம் விடாத குறையாக அறிவித்தேன். கூட்டம் நெளிய ஆரம்பித்தது. முதல் வேர்க்கடலைத் தோல் வந்து விழுந்தது. கையில் எதுவும் இல்லாமல் தவித்தபோதுதான் ஜார்ஜ் ஞாபகம் வந்தான்.

"விக்டோரியா மகாராணி ஆண்ட காலம்!" என்று ஆரம்பித்தேன். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. ராணி என்றால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு.

பிள்ளைகளே, இங்கே என் முதல் தவறைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்தது ஃபாதர் சொன்ன நாலு வரி. அதை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பஞ்சாலை, சம்பளம், இரண்டு சீசன், கால் உடைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம் வந்தது. கண்டிப்பாக இதற்குள் விருந்தினர் வந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். தலைவர் "சேத்தியாத்தோப்பு" என்று வாயசைத்து, இரண்டு கையாலும் ரப்பரை இழுப்பதுபோலக் காட்டினார்.

ஜார்ஜின் கால் உடைந்துவிட்டது. விருந்தினர் சேத்தியாத்தோப்பில் இருக்கிறார். நான் என்ன செய்வது?

"காலை உடனே கட்டினார்கள்!" என்றேன். "எங்கே கட்டினார்கள்?" என்று நானே கேட்டுக்கொண்டேன். பதில் கூட்டத்திலிருந்து வந்தது. "புத்தூர்லயா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். நான் நன்றியோடு பிடித்துக்கொண்டேன். "ஆமாம் ஐயா! இங்கிலாந்திலும் அந்தக் காலத்தில் ஒரு புத்தூர் இருந்தது. எண்ணெய், மூங்கில் பத்தை, துணிக்கட்டு!" முன்வரிசையில் ஃபாதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜார்ஜ் என் கையில் இல்லை, மக்கள் கையில் இருந்தான். கேள்வி மேல் கேள்வி. "அவுங்க ஊர்ல முந்திரி உண்டா?" இல்லை என்றேன். "அப்ப ஜனங்க இன்னாதான் பண்ணுவாங்க?" பஞ்சாலை என்றேன். "பந்து ஒதைக்கறதுக்குச் சம்பளமா?" அது வம்புக்கேள்வி. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சும்மா ஆடினார்கள், உழைக்கிறவன் ஆலையில் கூலியை விட்டுவிட்டு எப்படி ஆடுவான் என்று நான் திருப்பிக் கேட்டேன். கூட்டம் அப்படியே ஜார்ஜ் பக்கம் சாய்ந்தது. "குடுத்தா இன்னா தப்பு? அவன் வயித்துக்கு இன்னா பண்ணுவான்?" என்று ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "கல்யாணம் ஆச்சா?" என்றது ஒரு குரல். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பெண்கள் பக்கம் திருப்தியானது.

இதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. கோச் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஃபாதரைப் பார்ப்பதுமாக இருந்தார். மைதானத்தின் நடுவே வரிசையில் நின்ற ஸ்டெல்லா பந்தைப் பார்க்கவில்லை, எதிரணியைப் பார்க்கவில்லை. மேடத்தின் காலடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பை தோளுக்கு ஏறினால் அவள் கதை முடிந்தது.  

தலைவர் மறுபடி வந்தார். "கீரப்பாளையமே தாண்டிட்டாரு மச்சான். அஞ்சே நிமிஷம்."

கீரப்பாளையம் என் ஊர். ரோட்டோரத்தில் என் மனைவியின் தம்பி டீக்கடை வைத்திருக்கிறான். அந்த வழியாகப் போகும் காரை அவன் தவறவிட மாட்டான், அவனுக்கு வேறு வேலை இல்லை. ஜார்ஜுக்கு ஒரு கைதட்டல் கேட்டு வாங்கிக்கொண்டு, மைக்கைத் துண்டால் இறுக்கிச் சுற்றிவிட்டு, அவனுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளக் கார் ஏதாவது போச்சாடா? முன்னாடி கொடி கட்டி?"

"கொடியும் வரல, காரும் வரல மாமா. டீ குடிச்சிட்டு ஒரு மாடுதான் போவுது."

"மாடு டீ குடிச்சுதா?"

"மாட்டுக்காரரு மாமா."

வைத்துவிட்டேன். அவர் கீரப்பாளையம் தாண்டவில்லை. சேத்தியாத்தோப்பாவது தாண்டினாரோ, காதுகுத்துப் பந்தியிலாவது எழுந்தாரோ தெரியாது. கமிட்டியை மீறி "ஆட்டத்தை ஆரம்பியுங்கள்" என்று மைக்கில் சொன்னால் அந்த மைதானத்தில் எனக்கு அதுதான் கடைசி நாள். சொல்லாவிட்டால் ஸ்டெல்லாவுக்கு. நாங்கள் கை காட்டி வேலை செய்கிறவர்கள் இல்லை, வாயால் செய்கிறவர்கள். துண்டை எடுத்தேன்.

"கால் சரியாகி ஜார்ஜ் திரும்ப வந்தான்!" என்றேன். ஒரே ஆரவாரம். "இறுதிப் போட்டி. அவனைப் பார்த்து எடுத்துக்கொள்ளப் பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் ரயிலுக்குப் போக வேண்டும். ஜார்ஜ் தயார். எதிரணி தயார். பந்து நடுவில் இருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை!"

"ஏன்?" என்றது கூட்டம்.

"ஒரு பிரபு வர வேண்டுமாம். அவர் வந்து கை கொடுத்தால்தான் ஆட்டமாம். பிரபு விருந்தில் இருக்கிறார். பொழுதோ சாய்கிறது. விளக்கு கிடையாது. ஜார்ஜ் நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான். ரெஃப்ரி கையில் விசில் இருக்கிறது, ஊதவில்லை!"

"யாருய்யா அந்தப் பிரபு?" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வரட்டும் அப்பால, இப்ப இன்னா? ஆரம்பிக்கச் சொல்லு!" கல்யாணக் கேள்வி கேட்ட பெண்கள் பக்கம்தான் முதலில் கத்தியது. "விசில் அடிங்கய்யா!" அடுத்து பையன்கள். அடுத்து மைதானம் முழுக்க ஒரே குரல். "விசிலடி! விசிலடி!"

நம் ரெஃப்ரி மைதானத்தின் நடுவில் நிற்பவர். ஒலிபெருக்கிகள் எல்லாம் வெளியே கூட்டத்தைப் பார்த்துக் கட்டியவை. அதனால் அவருக்கு விக்டோரியா ராணியும் தெரியாது, ஜார்ஜும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மைதானம் மொத்தமும் தன்னைப் பார்த்து விசிலடி என்று கத்துகிறது என்பதுதான். மனிதர் பயந்து போய் அடித்தார்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தினால் அந்தக் கூட்டம் கமிட்டியை என்ன செய்யும் என்று தலைவருக்கே தெரியும். என்னிடம் ஓடி வந்தார். நான் மைக்கை மூடிக்கொண்டு, "நான் இங்கிலாந்து ரெஃப்ரியத்தான் சொன்னேன் மச்சான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல முடியாது.

ஸ்டெல்லா ஆடினாள். நின்று நின்று காத்திருந்த கால் அது, சும்மா விடுமா? சிதம்பரத்துப் பெண்கள் எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் நின்றாள். நானும் ஆவேசத்தில் இருந்தேன். பந்து உயரமாக வந்தது, அவள் எம்பி முட்டினாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "தலையால் முட்டி வெளியேற்றுகிறார் ஜார்ஜ்!"

மைதானம் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தது. பிறகு அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "ஜார்ஜ், உடாத! ஜார்ஜ், கட் பண்ணு!" கோச் மேடம் குழம்பி, "ஸ்டெல்லான்னுதானே சொன்னீங்க?" என்று ஃபாதரிடம் கேட்டாராம். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், வெளையாடறப்போ ஜார்ஜ்" என்றாராம் ஃபாதர். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இடைவேளை விசில் அடித்தது. மேடம் எழுந்து பையைத் தோளில் போட்டார். ஸ்டெல்லாவிடம் போய் ஏதோ சொல்லி முதுகில் தட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். ஸ்டெல்லா அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள். ஃபாதர் இரண்டு கட்டை விரலையும் உயர்த்தி என்னைப் பார்த்துக் காட்டினார். எனக்கும் கண் கலங்கியது. துண்டு பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மேடத்தின் ஆட்டோ வெளியே போன வாசலில் கொடி கட்டிய கார் உள்ளே வந்தது. விருந்தினர் இறங்கி, மைதானத்தில் வியர்வையோடு நிற்கும் பெண்களைப் பார்த்து, "இன்னா, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். தலைவர் முகத்தில் ரத்தம் இல்லை. இங்கேதான் நம் தொழில் இருக்கிறது பிள்ளைகளே. நான் மைக்கில் சொன்னேன்: "விறுவிறுப்பான இரண்டாம் பாதியைத் தொடங்கி வைப்பதற்கென்றே நமது சிறப்பு விருந்தினர் சரியான நேரத்துக்கு வருகை தந்திருக்கிறார்!" கூட்டம் கைதட்டியது. அவர் கும்பிட்டார், கை குலுக்கினார், பந்தை உதைத்தார், செருப்பும் கூடப் போனது. மிகவும் சந்தோஷப்பட்டார். கோப்பை சிதம்பரத்துக்குப் போனது. அடுத்த வருடமும் அவரே கொடுத்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

ஜார்ஜ் கதையை நான் முடிக்கவே இல்லை. அந்தப் போட்டி முடிந்து அவன் என்ன ஆனான், அந்தப் பிரபு வந்தாரா, ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கபடிக்குப் போனால் அங்கே ஒருவர் வழிமறித்துக் கேட்கிறார், "ஜார்ஜுக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?" என்று.

ஸ்டெல்லா கல்லூரிக்குப் போனாள். படிப்பு முடிந்ததும் வெளிமாநிலத்து கிளப் ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்தது. பந்து ஆடுவதற்குச் சம்பளம். ஃபாதர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். நான் என் மனைவியிடம் கத்தினேன். ஒரு சீசன் நன்றாகப் போனது. இரண்டாவது சீசனின் கடைசியில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், ஓடக்கூடாது என்றார்கள். இரண்டு சீசன். அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. அந்தக் காலை நான்தான் வாயை வைத்து உடைத்தேன் என்று தோன்றியது. மடத்தனம்தான், ஆனால் தோன்றியது.

ஊருக்கு வந்ததும் அவளே என்னைப் பார்க்க வந்தாள். படியேறும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டீ குடித்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, அந்த ஜார்ஜு, கால் ஒடிஞ்சப்புறம் இன்னாதான் பண்ணாரு?"

 எதையாவது சொல்லியிருக்கலாம். பயிற்சியாளர் ஆனான், கடை வைத்தான், பேரன் பேத்தி எடுத்தான். கூட்டத்துக்கு எதையும் சொல்லலாம். அவளிடம் முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"ஃபாதரயும் கேட்டேன். தெரியாதுங்கறாரு." டம்ளரைக் கீழே வைத்தாள். "சரி உடுங்க. நானே பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருடம் கடலூரில் ஒரு போட்டி. என் தொண்டை காலையிலேயே மக்கர் செய்தது. விருந்தினர் வரவில்லை. தலைவர் வேறு ஆள், வேட்டி அதே வெள்ளை, கை அதே ரப்பரை இழுக்கிறது. நான் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கூட்டம் நெளிந்தது. கீழே ஃபாதரோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். எழுந்தாள், சுவர் இல்லாததால் ஃபாதர் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள், என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். சரியாகச் சொன்னால், பிடுங்கினாள்.

"கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி சிதம்பரத்துல மாமா ஜார்ஜுன்னு ஒருத்தர் கதை சொன்னாரு. ஞாபகம் இருக்கா?" என்றாள். கோல்கீப்பரை எழுப்பிய அதே குரல். "அதுல மிச்சம் இருக்கு."

"கால் சரியாச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்ல. சரியாவல" என்றாள்.  "மாமா அன்னிக்கு சரியாச்சுன்னு சொன்னது சும்மா. ஆனா இன்னா ஆச்சு தெரியுமா..."

எனக்கு அங்கே வேலை இல்லை. மேடையிலிருந்து இறங்கி, ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் ஒரு டீயும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு போட்டியை நான் கீழே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜார்ஜ் ஊன்றுகோலோடு மைதானத்துக்கு வரும் இடத்துக்கு அவள் வந்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, இரண்டு அணியும் நடுவில் நின்றுகொண்டிருந்தன, விருந்தினர் எங்கேயோ ஒரு பந்தியில் இருந்தார். நான் ஒரு வாய் டீயால் தொண்டையை நனைத்துக்கொண்டு எழுந்து நின்று, இருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்:

"விசில் அடிங்கய்யா!"